பேச எழுந்தா நாக்கு ஒட்டிக்குது டீச்சர்! (வாசகர் கேள்வி பதில்)

போன தடவ பரீட்சை பயம் பத்தி எழுதினேன்ல, அதுக்கு வந்த லெட்டர், வாட்ஸப் எல்லாத்துலயும் பாதிக்குப் பாதி வேற ஒரு பயத்தப் பத்தி தான் இருந்துச்சு. கிளாஸ்ல எழுந்து நின்னு பேசுறது. ஒருத்தர் செமினார்ங்கறாங்க, ஒருத்தர் பிரசன்டேஷன்ங்கறாங்க, ஒருத்தர் ஓரல் டெஸ்ட்ங்கறாங்க, வியர்க்கிறது எல்லாருக்கும் ஒரே மாதிரி தான். அதனால இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும்.

டீச்சர், என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. ‘மழைநீர் சேகரிப்பு’ பத்தி மூணு நிமிஷம் பேசச் சொன்னாங்க. நானும் அவ அப்பாவும் நெட்ல பாத்து நாலு பக்கம் எழுதிக் குடுத்தோம், ஒரு வாரம் மனப்பாடம் பண்ணினா, வீட்டுல கண்ண மூடிக்கிட்டு ஒப்பிப்பா. கிளாஸ்ல ரெண்டாவது வரியிலயே மறந்துபோய் அழுதுட்டு வந்துட்டா. அடுத்த மாசம் திரும்பவும் பேசணுமாம். என்ன செய்யட்டும்?
ஒரு அம்மா, கரூர்

அம்மா, கோவிச்சுக்காதீங்க, அந்த நாலு பக்கம் தான் புள்ளைய கவுத்துடுச்சு. ஃபுல்ஸ்கேப்ல எழுதின ஒரு பக்கத்த செல்போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சு நிதானமா சத்தமா வாசிச்சுப் பாருங்க, ரெண்டு நிமிஷத்துக்கு கிட்ட வந்துடும். அப்போ நாலு பக்கத்த மூணு நிமிஷத்துல முடிக்க அவ மூச்சு விடாம ஓடணும், அப்படி ஓடும்போது ஒரு வார்த்த நழுவிச்சுன்னா அடுத்த வார்த்த எதுன்னே தெரியாது, ஏன்னா அது அவ வார்த்த இல்லியே, உங்க வார்த்தையும் இல்ல, நெட்ல யாரோ எழுதினது.

எனக்கு இது பட்டுத் தெரிஞ்ச விஷயம். ஒன்பதாவதுல சுதந்திர தினத்துக்கு எங்க மாமா பேச்சு எழுதிக் குடுத்தாரு. ‘அடிமைத் தளை’ வரைக்கும் வந்துட்டேன், அதுக்கு மேல வரல. மைக்க புடிச்சுக்கிட்டு மூணு தடவ ‘அடிமைத் தளை... அடிமைத் தளை...’ன்னுட்டு ஜெய்ஹிந்த் சொல்லி எறங்கிட்டேன். அந்த வருஷம் முழுக்க கிளாஸ்ல என் பேரே ‘தளை’ தான். இதுல கொடும என்னன்னா தளைன்னா என்ன அர்த்தம்னே எனக்கு அன்னிக்குத் தெரியாது.

அதனால அடுத்த தடவ பேப்பர்லேருந்து ஆரம்பிக்காதீங்க. அவ பழைய டாபிக்கையே வெச்சு சொல்றேன். சாயந்தரம் நீங்க காய் நறுக்கும்போது பக்கத்துல உக்கார வெச்சு, ‘மழத்தண்ணி சேகரிக்கிறதுன்னா என்னடி, எனக்கு சொல்லு பாப்போம்’னு கேளுங்க. மொட்டமாடித் தண்ணி பைப் வழியா குழிக்குப் போவும்பா. ‘குழிக்குள்ள எதுக்கு ஜல்லியும் மணலும் போடுறாங்க?’ன்னு கேளுங்க, முழிப்பா. முழிக்கட்டும், அங்கதான் படிப்பு இருக்கு. உங்க வீட்டுக் குழியவே போய் ரெண்டு பேரும் பாருங்க. தமிழ்நாட்டுல 2003ல எல்லா கட்டடத்துக்கும் இது கட்டாயம்னு அவசரச் சட்டம் வந்துச்சு, அப்போ அவசர அவசரமா தோண்டின குழி பல வீட்டுல இன்னும் இருக்கு, மேல துணி துவைக்கிற கல்லு உக்காந்திருக்கும், அது வேற கத.

அப்புறம் ஆரம்பம். எட்டாம் கிளாஸ்ல தண்ணி பத்தி பேசுற எல்லாப் புள்ளையும் ‘நீரின்றி அமையாது உலகு’ன்னு தான் ஆரம்பிக்கும், திருவள்ளுவர் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, ஆனா ஒரே நாள்ல முப்பது தடவ கேட்டா டீச்சருக்குக் கொட்டாவி வந்துடும். அதுக்கு பதிலா இப்படி ஆரம்பிச்சா எப்படி இருக்கும்: ‘2019 ஜூலை மாசம் ஜோலார்பேட்டையில இருந்து சென்னைக்கு ஒரு ரயில் வந்துச்சு. அம்பது வேகன். உள்ள ஆளுங்க இல்ல, தண்ணி. மொத்தம் 25 லட்சம் லிட்டர். அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 2015 டிசம்பர்ல, அதே சென்னை வெள்ளத்துல முங்கிக் கெடந்துச்சு.’ கடைசி பெஞ்சு கூட நிமிந்து உக்காரும். இதுல கஷ்டமான வார்த்த ஒண்ணாவது இருக்கா பாருங்க.

நடுவுல ஒரு கணக்கு வெக்கலாம். ஆயிரம் சதுர அடி மொட்டமாடியில ஒரு சென்டிமீட்டர் மழ பெஞ்சா 900 லிட்டருக்கு மேல தண்ணி விழுது, ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் கிட்டத்தட்ட ரொம்பிடும். இந்தக் கணக்க அவளே நோட்டுல போட்டுப் பாக்கணும், நீங்க சொல்லிடக் கூடாது. தானே போட்ட கணக்கு மேடையில மறக்காது.

இப்போ தான் எழுதுறது, அதுவும் பக்கம் பக்கமா இல்ல. பழைய கல்யாணப் பத்திரிகை அட்ட இருக்கும்ல, அத உள்ளங்கை அளவுக்கு மூணா வெட்டுங்க. மொத அட்டையில ‘ரயில், 50 வேகன், 2015 வெள்ளம்’. ரெண்டாவதுல ‘மாடி, 900 லிட்டர், ஜல்லி மணல் எதுக்கு’. மூணாவதுல ‘நம்ம ஸ்கூல் குழி, குப்ப அடச்சிருக்கு, யாரு சுத்தம் பண்ணப் போறோம்’. அவ்வளவு தான். முழு வாக்கியமா மனப்பாடம் பண்ண வேண்டியது ரெண்டே ரெண்டு, மொத வாக்கியமும் கடைசி வாக்கியமும். ஏறும்போதும் எறங்கும்போதும் தான கால் தடுக்கும், நடுவுல ஓடிடும்.

அட்டைய கைல வெச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே ஒரு அஞ்சாறு தடவ சத்தமா பேசச் சொல்லுங்க. மனசுக்குள்ள சொல்லிப் பாக்குறது கணக்குல வராது, நாக்கும் ஒதடும் தான் பழகணும். ஒரு தடவ பாட்டிக்கு, ஒரு தடவ தம்பிக்கு, ஒரு தடவ எதிர்வீட்டு அக்காவுக்கு. கண்ணாடி முன்னாடி நின்னு பேசுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, எனக்கு அதுல நம்பிக்க இல்ல, புள்ள தன் மூஞ்சியில இருக்குற பருவ தான் பாத்துக்கிட்டிருக்கும். ஒவ்வொரு தடவயும் வார்த்த மாறி மாறி வரும், ‘நேத்து வேற மாதிரி சொன்னியே’ன்னு நிறுத்திடாதீங்க. மாறி வந்தா விஷயம் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

இன்னொண்ணு. ‘அவையில் வீற்றிருக்கும் வகுப்பு ஆசிரியை அவர்களே, என் சக மாணவ மாணவியரே, என்னைப் பெற்றெடுத்த...’ இதெல்லாம் மூணு நிமிஷத்துல முக்கா நிமிஷத்த முழுங்கிடும். ‘எல்லாருக்கும் வணக்கம்’, முடிஞ்சுது.

டீச்சர், ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். இப்ப எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் செகண்ட் இயர். பத்து நிமிஷம் இங்லீஷ்ல செமினார் எடுக்கணும். சப்ஜெக்ட் தெரியுது, வாயத் தொறந்தா வரல, பசங்க சிரிப்பாங்கன்னு பயமா இருக்கு. ஸ்லைடுல எல்லாத்தையும் எழுதி வெச்சு பாத்துப் படிச்சிடலாமா?
ஒரு மாணவர், திருவாரூர்

படிக்காதீங்க தம்பி. ஸ்லைட நீங்க படிக்கிறதுக்குள்ள கிளாஸ்ல எல்லாரும் மனசுக்குள்ள படிச்சு முடிச்சிருப்பாங்க, அப்புறம் நீங்க எதுக்கு அங்க நிக்கிறீங்க? அதோட ஸ்லைடப் பாக்கணும்னா முதுகக் காட்டித் திரும்பணும், குரல் செவுத்துல போய் முட்டும்.

டாபிக் என்னன்னு எழுதல, டிரான்ஸ்ஃபார்மர்னே வெச்சுப்போம். மொதல்ல ஹாஸ்டல்ல ஒரு ஃப்ரெண்டப் புடிச்சு, வேற டிபார்ட்மென்ட் பையனா இருந்தா ரொம்ப நல்லது, அவனுக்கு முழுசா தமிழ்ல சொல்லுங்க. ரெண்டு காயில், அதாவது கம்பிச் சுருள் இருக்கு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டல, ஆனாலும் இந்தப் பக்கம் கரண்ட் குடுத்தா அந்தப் பக்கம் வருது, எப்படிடா? அவனுக்குப் புரிஞ்சா பாதிக் கிணறு தாண்டியாச்சு. தமிழ்ல தெளிவா சொல்ல வரலன்னா பிரச்சன இங்லீஷ் இல்ல, சப்ஜெக்ட் தான், திரும்பப் போய் படிங்க.

அப்புறம் அதையே குட்டிக் குட்டி இங்லீஷ் வாக்கியமா மாத்துங்க. புக்ல ‘எ டிரான்ஸ்ஃபார்மர் இஸ் எ ஸ்டாட்டிக் டிவைஸ் விச்...’னு மூணு வரிக்கு ஒரு வாக்கியம் போவும், அத சொல்லப் போனா நடுவுல மூச்சே நின்னுடும். நீங்க ‘இட் ஹேஸ் டூ காயில்ஸ். தே டோன்ட் டச் ஈச் அதர். ஸ்டில், பவர் கோஸ் அக்ராஸ். ஹவ்?’னு கேட்டுட்டு ஒரு செகண்ட் நிறுத்துங்க. அஞ்சு வார்த்தைக்கு மேல ஒரு வாக்கியம் வேண்டியதில்ல, கிராமர் தப்பும் வராது, கேக்குறவனுக்கும் பளிச்னு இருக்கும். அடுத்து ஏன் ஏசில (தெச மாறி மாறி ஓடுற கரண்ட்) மட்டும் வேல செய்யுது, டிசில (ஒரே தெசயில ஓடுறது) ஏன் செய்யலங்கறதுக்கு வாங்க, காந்தப்புலம் மாறிக்கிட்டே இருந்தா தான் அந்தப் பக்கம் வோல்டேஜ் தூண்டப்படும்னு போர்டுல ஒரு படம் போட்டுக் காட்டுங்க. கைக்கு வேல குடுத்தா வாய்க்கு பயம் கொறையும், இது நான் ரொம்ப பேர்கிட்ட பாத்தது.

உச்சரிப்புக்கு மொத்த இங்லீஷையும் சரி பண்ண ஒக்காராதீங்க. உங்க செமினார்ல திரும்பத் திரும்ப வர்ற டெக்னிகல் வார்த்த ஒரு பத்து பன்னெண்டு இருக்கும், அத மட்டும் போன்ல டிக்‌ஷனரி ஸ்பீக்கர தட்டி கேட்டு, கூடவே சொல்லிப் பழகுங்க. கேள்வி கேட்டு பதில் தெரியலன்னா ‘ஐ வில் செக் அண்ட் டெல் யூ டுமாரோ, சார்’னு சொல்லிட்டு நெசமாவே மறுநாள் போய் சொல்லுங்க, உளறிக் கொட்டுறத விட ஆயிரம் மடங்கு மரியாத.

சிரிக்கிறவங்க விஷயம். சிரிப்பாங்க தான், இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் அவங்களுக்கும் செமினார் இருக்குல்ல, அப்போ நீங்க சிரிக்காதீங்க. அப்புறம் 2022லேருந்து தமிழ்நாடு அரசோட ‘நான் முதல்வன்’ திட்டத்துல காலேஜ் பசங்களுக்கு இங்லீஷ் பேசுற பயிற்சியும் இருக்கு, உங்க காலேஜ்ல நடக்குற கிளாஸ கட் அடிக்காம போங்க.

பேசும்போது கை நடுங்குது, வாய் காஞ்சு போவுது. நிறுத்த வழி இருக்கா?
பத்தாம் வகுப்பு மாணவி, தேனி

முழுசா நிறுத்த முடியாதும்மா, மறைக்கலாம். பயந்தா அட்ரினலின் சொரக்கும், நெஞ்சு படபடங்கும், எச்சில் வத்தும், கை சில்லுனு ஆவும், இது ஒடம்போட வேல, உன் தப்பு இல்ல. ஏ4 பேப்பர புடிச்சா அந்த நடுக்கம் பத்து மடங்கா தெரியும், காத்தாடி மாதிரி ஆடும், அதனால தான் மேல சின்ன அட்ட சொன்னேன். எழுந்து போறதுக்கு முன்னாடி ஒரு மடக்கு தண்ணி, மூச்ச இழுக்குறத விட விடுறத நீளமா, நாலஞ்சு தடவ. மொத ஒரு நிமிஷம் தான் ரொம்பப் படுத்தும், அப்புறம் தானா அடங்கும்.

நான் அரசுப் பள்ளியில ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். 46 பிள்ளைங்க. ஆளுக்கு மூணு நிமிஷம்னா கூட மூணு பீரியட் தாண்டிடும், போர்ஷன் யார் முடிக்கிறது? பேசுற அதே அஞ்சு பேர் தான் எப்பவும் பேசுறாங்க.
ஒரு ஆசிரியர், விழுப்புரம்

சார், உங்க கஷ்டம் தெரியும், நானும் அதே கரும்பலகை முன்னாடி நின்னவ தான். எல்லாரையும் ஒரே வாரத்துல மேடையேத்தணும்னு நினச்சா நடக்காது. தினம் பீரியட் ஆரம்பத்துல ரெண்டு பேர், ஆளுக்கு ஒரு நிமிஷம். 23 நாள்ல எல்லாரும் ஒரு சுத்து வந்துடுவாங்க, உங்களுக்கு தினம் ரெண்டு மூணு நிமிஷம் தான் செலவு. மொத சுத்துக்கு மார்க் கெடயாது, முன்னாடி வரவும் வேணாம், அவங்க எடத்துலயே நின்னு பேசட்டும். அதுக்கு முந்தின நாள் பக்கத்துல ஒக்காந்திருக்கிறவங்களுக்கு ஒரு தடவ சொல்லிப் பாத்திருக்கணும், இது மட்டும் கண்டிஷன்.

டாபிக் தான் முக்கியம். ‘அறிவியலின் நன்மைகள்’னு குடுத்தீங்கன்னா அந்த அஞ்சு பேர் மட்டும் தான் பேசுவாங்க. ‘வீட்டுலேருந்து ஒரு பொருள் கொண்டு வா, அது என்ன, யாரு எதுக்குப் பயன்படுத்துறாங்கன்னு சொல்லு’ன்னு குடுத்துப் பாருங்க. என் கிளாஸ்ல ஒரு பையன், வருஷம் முழுக்க ‘உள்ளேன் டீச்சர்’ தவிர ஒரு வார்த்த பேசினதில்ல, அப்பா கொத்தனார், அவன் பைலேருந்து தூக்குக்குண்ட எடுத்தான், செவுரு நேரா இருக்கான்னு பாக்க நூல்ல தொங்கவிடுற குண்டு அது. நூலோட மேல் பக்கம் இருக்குற, குண்டு அகலத்துக்கே இருக்குற மரக்கட்டைய செவுத்துல மேல ஒட்டி வெச்சுக்கிட்டு குண்ட கீழ எறக்கினான், கிளாஸ் ரூம் செவுத்துலயே. ‘குண்டு செவுத்தத் தொட்டும் தொடாம நின்னா செவுரு நேரு டீச்சர், வெலகி நின்னா செவுரு உள்ள வாங்கியிருக்கு, இங்க பாருங்க, நம்ம செவுரு வாங்கியிருக்கு’ன்னான். ஒரு நிமிஷம் சொன்ன எடத்துல நாலு நிமிஷம் ஆச்சு, நான் மணி பாக்கவே இல்ல. அன்னிக்கு ஹெட்மாஸ்டர் வரைக்கும் செவுத்த பாக்க வந்துட்டாரு.

பேசும்போது நடுவுல திருத்தாதீங்க சார். ‘பள்ளி’ய ‘பல்லி’ன்னாலும், ‘பழம்’ ‘பளம்’ ஆனாலும், முடிக்கட்டும், சாயந்தரம் தனியா கூப்பிட்டு லகர ளகர ழகரம் மூணுக்கும் நாக்கு எங்க போவுதுன்னு காட்டுங்க. கேக்குற 45 பேருக்கும் ஒரு வேல குடுங்க, யாராவது ஒருத்தர் ஒரு கேள்வி கேக்கணும், அந்த ‘யாராவது’ யாருன்னு நீங்க சீட்டுக் குலுக்கி எடுங்க. அப்போ எல்லாரும் காது குடுப்பாங்க.

என் பையனுக்கு 11 வயசு, திக்கும். அடுத்த வாரம் கிளாஸ்ல புராஜெக்ட் பத்தி பேசணும். அன்னிக்கு லீவு போட்டுடலாமான்னு வீட்டுல சொல்றாங்க.
ஒரு அப்பா, நாகர்கோவில்

லீவு போடலாமா வேணாமான்னு மொதல்ல அவன்கிட்ட கேட்டீங்களா சார்? ‘நான் பேசுறேன்’னு சொன்னா கண்டிப்பா அனுப்புங்க. ‘வேணாம்’னு அழுதா வலுக்கட்டாயமா தள்ளாதீங்க, டீச்சர்கிட்ட பேசி மொத தடவ நாலஞ்சு பேர் முன்னாடி மட்டும் பேச வைக்கலாம், வீட்டுல ரெக்கார்ட் பண்ணி குடுக்கலாம். முழுசா ஒதுக்கி வெச்சுட்டா ‘என்னால முடியாது’ன்னு அவனே முடிவு கட்டிடுவான்.

டீச்சர்கிட்ட நீங்க முன்னாடியே சொல்ல வேண்டியது மூணு விஷயம். டைம் பாக்காதீங்க. அவன் திக்கும்போது வார்த்தைய நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. அவனே வேற மாதிரி கேட்டா தவிர முதல்லயே கூப்பிட்டுடுங்க, கடைசி வரைக்கும் காத்திருந்தா காத்திருக்கிற அந்த நேரமே ஆளக் கொன்னுடும். ‘மெதுவா பேசுடா, மூச்ச இழுத்து விடு’ன்னு நீங்களும் சொல்லாதீங்க, நல்ல எண்ணத்துல தான் சொல்றோம், அவனுக்கு அது ‘நீ தப்பா பேசுற’ன்னு தான் கேக்கும். மூஞ்சியப் பாத்து, அவசரப்படாம, என்ன சொல்றாங்கறத மட்டும் கேளுங்க.

வீட்டுல பழகும்போது ஒண்ணு செஞ்சு பாருங்க, அவன் பேசப் போறத நீங்களும் அவனும் சேந்து ஒரே குரல்ல வாசிங்க. திக்குற புள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு கூட ஒரு குரல் சேந்தா திக்காது, பாட்டு பாடும்போதும் வராது. இது வைத்தியம் இல்ல, ஆனா அந்த வாக்கியமெல்லாம் தன் வாயிலேருந்து தடங்கல் இல்லாம வர்றத அவனே கேப்பான்ல. வசம்பு தேய்க்கிறது, கூழாங்கல்ல வாயில போட்டுப் பேசுறதுன்னு யாராவது சொன்னா கும்பிடு போட்டு அனுப்பிடுங்க, கல்லு தொண்டையில சிக்கினா யாரு பதில் சொல்றது? முறையா பாக்கணும்னா அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில காது மூக்கு தொண்டை பிரிவுல போய் ஸ்பீச் தெரபி பத்தி விசாரிங்க, மைசூருல இதுக்குன்னே அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965லேருந்து இருக்கு.

நாங்க சிங்கப்பூர்ல இருக்கோம். மகளுக்கு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுல தமிழ் வாய்மொழித் தேர்வு. வீட்டுல இங்லீஷ் தான் ஓடுது. வாசிப்பு பரவால்ல, வீடியோ பாத்துட்டு பேசுற உரையாடல்ல ‘நல்லா இருக்கு’ன்னு ஒரு வரியோட முடிச்சிடுறா.
ஒரு அம்மா, சிங்கப்பூர்

வாசிப்புக்கு எழுத்துத் தமிழ், உரையாடலுக்கு பேச்சுத் தமிழ், இந்த ரெண்டையும் அவ கலக்காம இருந்தாலே பெரிய விஷயம். ‘நான் பூங்காவுக்குச் செல்கிறேன்’னு உரையாடல்ல ஆரம்பிச்சா ரெண்டாவது வாக்கியத்துல மாட்டிக்குவா, ‘நான் பார்க்குக்குப் போனேன்’னு சொல்லச் சொல்லுங்க, சொந்தமா வரும்.

ஒரு வரியோட முடியுதுன்னா அவகிட்ட சொல்ல விஷயம் இல்லன்னு நினக்காதீங்க, அடுத்தது என்ன சொல்றதுன்னு தெரியல, அவ்வளவு தான். எம்ஆர்டி ரயில்ல போகும்போது பழக்குங்க. ஒருத்தர் தாத்தாவுக்கு சீட்டு குடுக்குறாரு. என்ன பாத்த? ஏன் குடுத்தாரு? உனக்கு இப்படி நடந்திருக்கா? நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப? இந்த நாலு கேள்வியும் வாய்ல ஊறிட்டா தேர்வு அறையில யாரும் கேக்காமலே அவளே கேட்டு அவளே பதில் சொல்லிக்குவா. அப்புறம் ஊர்ல இருக்குற பாட்டிக்கு வாரத்துக்கு ரெண்டு வீடியோ கால். பாட்டிக்கு இங்லீஷ் தெரியாதுங்கறது இதுல பெரிய வசதி.

பிபிடி (பவர்பாயின்ட் ஸ்லைடு) தமிழ்ல பண்ணிட்டுப் போனேன், ஸ்கூல் கம்ப்யூட்டர்ல தொறந்தா எழுத்தெல்லாம் ஏதோ இங்லீஷ் எழுத்தா, குறியீடா வந்துச்சு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க.
ப்ளஸ் ஒன் மாணவர், தஞ்சாவூர்

பாமினி ஃபான்ட்ல டைப் பண்ணியிருப்ப, சரியா? அது யூனிகோட் (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) இல்ல தம்பி, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல அப்படித்தான் காட்டும். யூனிகோட்ல அடி, லதா, நிர்மலா மாதிரி ஃபான்ட் விண்டோஸ் கம்ப்யூட்டர்ல பெரும்பாலும் இருக்கும். முடிச்சதும் பிடிஎஃப்பா ஒரு காப்பி போட்டு வெச்சுக்க, அதுல எழுத்து மாறாது. எழுத்து சைஸ் 24க்கு கீழ போவாத, கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. பென் டிரைவ மட்டும் நம்பாம உனக்கு நீயே மெயில்லயும் அனுப்பி வெச்சுக்க. ‘கரண்டே போயிடுச்சுன்னா என்ன டீச்சர் பண்றது?’ன்னு அடுத்த லெட்டர் போடாத, கரூர் அம்மாவுக்கு சொன்ன அந்தக் கல்யாணப் பத்திரிகை அட்டைய நீயும் மூணா வெட்டி பாக்கெட்ல வெச்சுக்க.